படத்தில் பிடிபட்டவன்

எங்கள் இங்கிலாந்தில் யாரையும் வற்புறுத்திப் படையில் சேர்ப்பது கிடையாது. அதெல்லாம் பிரான்சுக்காரன் செய்கிற அநியாயம். இங்கே ஆளைத் தெருவில் பிடித்து, தடியால் ஒரு போடு போட்டு, கையைக் கட்டிப் படகில் ஏற்றிச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடற்படை அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். பிடிபட்டவனுக்குத்தான் சட்டென்று விளங்காது.

இதற்கும் சட்டம் உண்டு. கடலை நம்பிப் பிழைக்கிறவனை மட்டும்தான் பிடிக்கலாம். ரொட்டிக் கடைக்காரனையோ, பாதிரியாரையோ, பிணம் புதைக்கிறவனையோ பிடிக்கக் கூடாது. தப்பித் தவறிப் பிடித்துவிட்டால் அவர்கள் மாலுமிகள் என்று ஆகிவிடும். மாலுமி அல்லாதவனைப் பிடிக்கச் சட்டத்தில் இடமே இல்லையே!

ஒபதியா டிப்பெட்டுக்கும் கடலுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அவன் அதற்கு நீலம் அடித்தது. ஸ்ட்ராண்ட் தெருவில் ஜெர்வாஸ் மல்லின் என்பவரின் படக்கடையில் அவனுக்கு வேலை. மல்லின் செப்புத் தகட்டில் கேலிப்படம் செதுக்கி அச்சடிப்பார். டிப்பெட் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டுவான். மந்திரிகளின் மூக்குக்குச் சிவப்பு, பிஷப்பின் தொந்திக்குக் கறுப்பு, கடலுக்கு நீலம்.

அமெரிக்காவில் சண்டை மூண்டு கப்பல்களுக்கு ஆள் போதாமல் போன வருடம், ஆள்பிடிப் படையைக் கிழித்துத் தொங்கவிடும் படம் ஒன்றை மல்லின் போட்டார். ஒல்லியான ஒருவனைத் தடியர்கள் நாலு பேர் இழுக்கிறார்கள். மனைவி காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். குண்டு லெப்டினன்ட் பல் குத்துகிறார். அந்த ஒல்லியானவனுக்கு மாதிரியாக நின்றது டிப்பெட்தான்.

"உன் மூஞ்சிக்கு நான் ஒண்ணுமே செய்ய வேணாம்யா. சும்மா நில்லு, போதும்" என்றார் மல்லின்.

படம் லண்டன் முழுக்கப் பறந்தது. டிப்பெட் தன் கண்ணீருக்கே நூற்றுக்கணக்கில் வண்ணம் அடித்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. டிப்பெட் தன் நான்கு வயது மகள் டார்க்கஸை அறையில் வைத்துப் பூட்டினான். மனைவி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். அவர்கள் இருந்தது ஓட்டுக்கு அடியில், ஆக உயரத்து அறை. மாடிப்படியின் கைப்பிடியைக் கீழ்வீட்டுக்காரர்கள் விறகாக எரித்துவிட்டார்கள். பூட்டாமல் போனால் குழந்தை விழுந்துவிடும். அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பால் இல்லை.

"அடுப்புக்கிட்ட போகாதடி கண்ணு. பால் வாங்கிட்டு இதோ வந்துடறேன்."

பால் வாங்கிவிட்டான். திரும்பும்போது மல்லின் கடையின் முன்னால் பெருங்கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய ஆள்பிடிப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர்கள் நிஜமான ஆள்பிடிப் படையினர். அவர்களின் தலைவன் கிரிம்ஸ், படத்தில் தன்னைப் போலவே ஒருவன் தடியோடு நிற்பதைக் கண்டு பூரித்துப்போயிருந்தான். பெருமையோடு திரும்பியவன், ஜாடியும் கையுமாக நின்ற டிப்பெட்டைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி டிப்பெட்டைப் பார்த்தான்.

"அடேய், இவனைப் பாருங்கடா! படத்துல இருக்கறவன் தெருவுல நிக்கறான்!"

ஜாடி கீழே விழுந்து உடைந்தது. நாலு பேர் நாலு பக்கம் பிடித்தார்கள். கூட்டம் கைதட்டியது. மல்லின் தன் படத்தை விற்க ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒற்றைக் கண்ணாடி வைத்திருந்த கனவான் ஒருவர் அருகில் வந்து டிப்பெட்டின் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டார். "அச்சு அசல்தான். ஆனா படத்துல வாய் இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறந்திருக்கு."

"வாயைத் திறடா!" என்று கூட்டம் கத்தியது.

"ஐயா, எம் பொண்ணு உள்ள பூட்டிக் கெடக்கா!" என்று டிப்பெட் வாயைத் திறந்தான்.

"அதேதான்! அதேதான்!" என்று கனவான் துள்ளினார்.

"படத்துல இதைவிட நல்லா அழுதான்" என்று மீன்கூடையோடு நின்ற ஒரு பெண் குறைப்பட்டாள்.

மல்லின் வாசலுக்கு ஓடி வந்தார். தன் ஆளை இழுத்துப் போவதைப் பார்த்தார். கூட்டம் மேலும் கூடுவதையும் பார்த்தார். உடனே உள்ளே ஓடினார், இன்னும் ஒரு கட்டுப் படம் எடுத்து வர.

*

ஆள்பிடிப் படையின் அலுவலகம் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு மதுக்கடையில் இருந்தது. வாசலில் கொடி, உள்ளே ஜின் வாடை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், மல்லினின் அதே படத்தை. அதன் கீழே லெப்டினன்ட் ஹார்பாட்டில் அமர்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பார்க்கற?"

"பிரஸ்ல வேலைங்க துரை."

அறையே சிரித்தது. எங்கள் ஊரில் படம் அச்சடிக்கிற இயந்திரத்துக்கும் ஆள்பிடிப் படைக்கும் ஒரே பெயர்தான்: பிரஸ்.

"நாங்களும் அங்கதான் வேலை பார்க்கறோம் மச்சான். உன்னை நாங்க பார்த்ததே இல்லையே!" என்றான் கிரிம்ஸ்.

"அது இல்லைங்க, அச்சடிக்கிற பிரஸ்ஸு. நான் படத்துக்கு வண்ணம் அடிக்கறவன். கடலையே பார்த்ததில்லைங்க. எம் பொண்ணு தனியா இருக்கா, அடுப்பு வேற எரியுது, ஒரே ஒரு தடவை போய்க் கதவைத் திறந்துட்டு..."

"கையைக் காட்டு."

காட்டினான். விரல் இடுக்கெல்லாம் நீலம்.

"கடலைப் பார்த்ததே இல்லங்கறான். கை முழுக்கக் கடல்!" என்றார் லெப்டினன்ட். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. "பையில என்ன?"

"சாவிங்க. எங்க வீட்டுச் சாவி. அதுக்குத்தாங்க..."

"மாலுமிகள் பெட்டி வச்சிருப்பாங்க. பெட்டிக்குச் சாவி இருக்கும். இவன்கிட்ட சாவி இருக்கு." அவர் சாவியை மேஜைமேல் வைத்தார். "இதோ பாரப்பா, உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. சட்டம் என்ன சொல்லுது? மாலுமியைத்தான் பிடிக்கலாம். இந்தப் படத்துல என்ன நடக்குது? உன்னைப் பிடிக்கறாங்க. அப்ப நீ யாரு?"

"துரை, அது வெறும் படம்ங்க! மல்லின் துரை நிக்கச் சொன்னாரு, நின்னேன்!"

"கடல்ல போறவன் எல்லாரும் யாரோ சொல்லித்தான்யா நிக்கறான்." லெப்டினன்ட் எழுந்துபோய்ப் படத்தின் அடியில் குனிந்து பார்த்தார். படம் வெளியிட்ட தேதியை அடியில் பொறிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். "ஜனவரி மாசம்! ஜனவரியில உன்னைப் பிடிச்சிருக்கோம். இப்ப மார்ச். நீ தெருவுல பால் வாங்கிட்டுத் திரியற. இதுக்குக் கடற்படையில என்ன பேரு தெரியுமா, கிரிம்ஸ்?"

"ஓடிப்போனவன், துரை."

"ஓடிப்போனவன்!"

டிப்பெட் மண்டியிட்டான். "சாமி, நான் என்னவா வேணும்னாலும் இருந்துட்டுப் போறேன். எம் பொண்ணுக்கு நாலு வயசு. யாராவது ஒருத்தர் போய்க் கதவைத் திறங்க. சாவி அங்கேயே இருக்கு பாருங்க!"

லெப்டினன்ட்டின் முகம் கனிந்தது. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். "ஏம்ப்பா கலங்கற? யோசிச்சுப் பாரு. உன் பொண்ணு சின்ன அறையில இருக்கா. கதவு பூட்டியிருக்கு. வெளிய போக முடியாது. யாராவது வருவாங்களான்னு காத்துட்டு இருக்கா. எங்க கப்பல்ல ஐந்நூறு பேர் அப்படித்தான்யா இருக்காங்க. யாராவது அழறாங்களா?"

அழுகிறார்கள் என்று கிரிம்ஸுக்குத் தெரியும். ஆனால் அது அவனிடம் கேட்கப்பட்ட கேள்வி அல்ல.

*

மேல்மாடியில் கேப்டன் வெதரால் காலை உணவில் இருந்தார். பிடிபட்டவர்களில் யார் தகுந்தவர், யார் தகாதவர் என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. இதுவரை யாரையும் தகாதவர் என்று அவர் முடிவு செய்ததில்லை. ஒரு காலில்லாதவனைக்கூட, கப்பலில் படிக்கட்டு குறைவு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டவர். சாட்சி சொல்ல மல்லினையும் அழைத்து வந்திருந்தார்கள். கடையை விட்டு வர அவருக்கு மனமில்லை. வியாபாரம் அவ்வளவு சூடாக இருந்தது.

"படம் அருமை" என்றார் கேப்டன், இறைச்சியை வெட்டிக்கொண்டே. "எங்களைத் திட்டித்தானே போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க துரை" என்று மல்லின் தயங்கினார்.

"எங்க ஆளுங்க எல்லார் வீட்டுலயும் ஒண்ணு மாட்டியிருக்கு. எம் மனைவிக்கு ரெண்டு வேணுமாம். ஒரே ஒரு குறை. இவ்வளவு பெரிய படத்துல நான் இல்லையே."

"அடுத்ததுல போட்டுடலாம் துரை."

"மல்லின் ஐயா!" என்று டிப்பெட் கதறினான். "நான் உங்க ஆளுன்னு சொல்லுங்க! அது சும்மா நின்னதுன்னு சொல்லுங்க! டார்க்கஸ் உள்ள இருக்கா!"

மல்லினுக்கு அவன்மேல் பிரியம்தான். ஆனால் படத்தின் தலைப்புக்குக் கீழே 'கண்ணால் கண்டதைக் கண்டபடி வரைந்தது' என்று அவரே செதுக்கியிருந்தார். அது பொய் என்று கேப்டன் முன்னால் எப்படிச் சொல்வது? விற்பனை என்ன ஆகும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்தார்.

அப்போது டிப்பெட்டுக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. அவன் கன்னத்தைத் தொட்டான்.

"துரை! மச்சத்தைப் பாருங்க! எனக்கு இடது கன்னத்துல. படத்துல இருக்கறவனுக்கு வலது கன்னத்துல! அது நான் இல்லைங்க!"

கேப்டன் கத்தியை வைத்துவிட்டுப் படத்தை எடுத்து வரச் சொன்னார். பார்த்தார். உண்மைதான். கேப்டனுக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சி வந்தது.

"அப்ப ரெண்டு பேரு இருக்கீங்க! இரட்டைப் பிள்ளைங்களா? ஹார்பாட்டில், இன்னொருத்தனையும் பிடி."

இதற்கு மேல் மல்லினின் மனசாட்சி தாங்கவில்லை. அல்லது தன் தொழிலைப் பற்றி யாரும் தப்பாக நினைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும், வாயைத் திறந்தார்.

"இரட்டை இல்லைங்க துரை. இவன் ஒருத்தன்தான். செப்புத் தகட்டுல நாங்க நேரா வரைவோம். தாள்ல அழுத்தி எடுத்தா இடம் வலமா மாறிடும். கண்ணாடியில பார்க்கற மாதிரி."

"எல்லாமே மாறிடுமா?"

"எல்லாமே மாறிடும்."

"எழுத்து மாறலையே?"

"எழுத்தை மட்டும் நாங்களே திருப்பிச் செதுக்கிடுவோம் துரை. தாள்ல நேரா வரும்."

கேப்டன் நாற்காலியில் சாய்ந்தார். கடற்படையில் முப்பது வருடம் அவர் வீணாகக் கழிக்கவில்லை. "அதாவது, நாங்க பார்க்கறது எல்லாமே நடந்ததுக்கு நேர்மாறு."

"ஒரு வகையில ஆமாம் துரை."

"படத்துல நாலு பேரு இவனை இழுக்கறாங்க. அதை நேராக்கினா?"

லெப்டினன்ட் ஹார்பாட்டில் மெதுவாக எழுந்து நின்றார். அவர் குரல் நடுங்கியது. "இவன்... எங்க ஆளுங்க நாலு பேரையும் இழுத்திருக்கான்!"

"ராஜாவோட ஆட்கள்மேல கை வச்சிருக்கான்" என்றார் கேப்டன். "அதுக்குத் தூக்கு."

"ஐயோ துரை! இழுக்கறது மாறாதுங்க! பக்கம்தான் மாறும்!" என்று மல்லின் அலறினார்.

"மச்சம் மாறுமாம். எழுத்து மாறாதாம். இழுக்கறது மாறாதாம். உனக்கு வேணுங்கறது மாறும், வேணாங்கறது மாறாதா? இது என்ன படமா, பார்லிமென்டா?" என்றார் கேப்டன்.

சாவியை ஒரு துணியில் சுற்றி, அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். மாலுமி, ஓடிப்போனவன், அதிகாரிகளைத் தாக்கியவன் என்ற மூன்றுக்கும் அதுதான் தடயம். கடற்படைத் தலைமை அலுவலகத்தில் மட்டுமே இனி அதைப் பிரிக்கலாம். டிப்பெட் அதன்மேல் பாய்ந்தான். கிரிம்ஸ் அவனைத் தரையோடு அழுத்திப் பிடித்தான்.

"அது எம் பொண்ணுடா! அது சாவி இல்லடா, எம் பொண்ணு!"

"சும்மா இருய்யா" என்றான் கிரிம்ஸ் காதோரமாக. "துள்ளினா இன்னும் ஒண்ணு சேர்த்துடுவாங்க."

கேப்டன் வாயைத் துடைத்துக்கொண்டார். இறைச்சி நன்றாக இருந்ததால் அவர் இளகிய மனநிலையில் இருந்தார். "டிப்பெட், இது பிரான்சு இல்ல. இங்க உன்னை யாரும் எதுக்கும் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு பக்கம் தூக்குக் கயிறு இருக்கு. ஒரு பக்கம் கப்பல் இருக்கு. நீயே விரும்பிக் கப்பல்ல சேர்ந்தா பழசையெல்லாம் மறந்துடுவோம். நீ சுதந்திரமான ஆளு. யோசிச்சு முடிவு பண்ணு."

டிப்பெட் ஒன்றைத்தான் கேட்டான். "எதுல சேர்ந்தா என்னை வீட்டுக்குப் போக விடுவீங்க?"

"பிடிச்சு வந்தவனை எப்படி நம்பி அனுப்பறது? விரும்பிச் சேர்ந்தவன்னா வீட்டுல சொல்லிட்டு வர அனுமதி உண்டு. காவலோட."

"விரும்பிச் சேர்றேன்!" என்று டிப்பெட் கூவினான். "ரொம்ப விரும்பறேன்! சீக்கிரம் வாங்க!"

"பார்த்தியா ஹார்பாட்டில்" என்றார் கேப்டன், கண்கள் பனிக்க. "ஆங்கிலேயனோட ரத்தம்!"

*

விரும்பிச் சேர்ந்தவனைச் சும்மா அழைத்துப் போக முடியாது. தொப்பியில் ரிப்பன் குத்த வேண்டும். ரிப்பன் தேடினார்கள். மேளக்காரனைத் தேடினார்கள். மேளக்காரன் குடித்திருந்தான், அவன் தெளியும் வரை காத்திருந்தார்கள். ஊர்வலம் கிளம்பியது. வழியில் வரும் ஒவ்வொரு மதுக்கடையின் முன்னும் நின்று, ராஜா வாழ்க என்று மும்முறை கூவ வேண்டும் என்பது மரபு. எங்கள் லண்டனில் மதுக்கடைக்குப் பஞ்சமே கிடையாது.

"ஓடலாங்க துரை! ஓடிட்டே கூவறேன்!" என்றான் டிப்பெட்.

"ஓடிப்போனவன்னு ஏற்கெனவே பேரு இருக்கு உனக்கு" என்றார் லெப்டினன்ட். "நடந்து வா."

டிப்பெட் ஒவ்வொரு கடையிலும் தொண்டை கிழியக் கூவினான். அவன் ராஜபக்தியைப் பார்த்து இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்னாலேயே மல்லின் தாளும் பென்சிலுமாக ஓடி வந்துகொண்டிருந்தார்.

"டிப்பெட், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. அப்படியே. வாயை மூடாத... ஐயோ, நீ போயிட்டா இதுக்கெல்லாம் யாருய்யா நீலம் அடிப்பா?"

வீட்டுத் தெருமுனையிலேயே புகை வாடை வந்தது. டிப்பெட் காவலை உதறிவிட்டு ஓடினான். கைப்பிடியில்லாத படிகளில் நாலு கால் பாய்ச்சலில் ஏறினான். கதவிடுக்கில் புகை கசிந்தது. தோளால் மோதினான். கதவு அசையவில்லை. இன்னொரு முறை மோதினான்.

"தள்ளுய்யா" என்றான் மேலே வந்த கிரிம்ஸ். கதவு உடைப்பதில் அவன் கைதேர்ந்தவன். ஆனால் கதவை உடை என்று வீட்டுக்காரனே கெஞ்சுவது அவனுக்கும் புது அனுபவம். கூச்சத்தோடு ஓங்கி ஓர் உதை விட்டான்.

கஞ்சி கரிந்து சட்டி வெடித்திருந்தது. தரைப்பாய் கனன்றுகொண்டிருந்தது. டார்க்கஸ் ஜன்னல் விளிம்பில் ஏறி, சிறிய திறப்பில் முகத்தை வெளியே நீட்டியபடி இருமிக்கொண்டிருந்தாள். டிப்பெட் அவளை வாரி எடுத்தான். அவள் அவன் கைகளைப் பார்த்தாள்.

"பால் எங்கப்பா?"

கிரிம்ஸ் பாயை மிதித்து அணைத்தான். தேவைக்கு அதிக நேரம் மிதித்துக்கொண்டே இருந்தான்.

லெப்டினன்ட் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். "சொல்லிட்டியா? சரி, கிளம்பு. குழந்தையை அனாதை விடுதிக்கு அனுப்பிடலாம்."

அனாதை விடுதிக்குள் போன குழந்தைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டிப்பெட் மகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினான். இரண்டு பேர் இழுத்தார்கள். பிரிக்க முடியவில்லை. மூன்றாவது ஆளாகக் கிரிம்ஸைக் கூப்பிட்டார்கள். பாய் இன்னும் அணையவில்லை என்றான் கிரிம்ஸ்.

லெப்டினன்ட்டுக்குச் சங்கடமாகிவிட்டது. "பிடிச்சு வந்தவன்னா பிரிச்சு எடுத்துடலாம். இவன் விரும்பிச் சேர்ந்தவனாச்சே. சட்டம் இடம் கொடுக்காதே. ரெண்டு பேரையும் அப்படியே கூட்டிட்டு வாங்க. கேப்டன் சொல்லட்டும்."

*

படித்துறையில் கேப்டன் வெதரால் விஷயத்தைக் கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எங்கள் கப்பல்களில் கேப்டன்களுக்கு வேலையாட்கள் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அந்த வேலையாட்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வளர்ந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. சம்பளம் மட்டும் தவறாமல் கேப்டனுக்கு வந்து சேர வேண்டும். கேப்டனின் கடைசி மகன் தொட்டிலில் இருந்தபடியே இரண்டு வருடமாகக் கடற்படையில் பணியாற்றி வந்தான்.

"பேரு என்ன?"

"டார்க்கஸ்ங்க. பொம்பளப் புள்ளைங்க துரை."

"டார்பின்னு ஆம்பளைப் பேராப் போட்டுக்கோ. என்னோட வேலையாள். போன வருஷத்துலேர்ந்து சேர்ந்ததா எழுது. அந்தச் சம்பளம் ஏன் வீணாகணும்?"

லெப்டினன்ட் எழுதினார். எழுதியதைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். விதிகளை மதிக்கும் மனிதர் அவர்.

"கேப்டன், இதுல ஒண்ணு இருக்கு. பொண்ணு போன வருஷம் சேர்ந்தவ. அப்பன் இன்னைக்குச் சேர்ந்தவன். அவ இவனுக்கு மூத்தவ."

"அப்ப மரியாதை கொடுக்கச் சொல்லு."

"டிப்பெட்! குழந்தையைக் கீழ விடு. தொப்பியைக் கழட்டு."

டிப்பெட் மகளைக் கீழே இறக்கினான். தொப்பியைக் கழற்றினான். ரிப்பன் காற்றில் ஆடியது. டார்க்கஸ் அவனை அண்ணாந்து பார்த்தாள். அப்பா ஏன் தன் முன்னால் இப்படி நிற்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் உதடு துடித்தது.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்."

படித்துறையே ஸ்தம்பித்தது. மூத்தவரின் உத்தரவு. லெப்டினன்ட் கேப்டனைப் பார்த்தார். டிப்பெட்டும் பார்த்தான். அன்று முழுவதும் முதல் முறையாக அவன் முகத்தில், எந்தப் படத்திலும் மல்லின் வரைந்திராத ஒன்று தெரிந்தது.

"உத்தரவை மீறக் கூடாது" என்று கேப்டன் ஒப்புக்கொண்டார். நதியின் நடுவே நங்கூரமிட்டிருந்த கப்பலைத் திரும்பிப் பார்த்தார். "விரும்பிச் சேர்ந்தவனுக்குக் கப்பல்தானே வீடு? நிறைவேத்துங்க."

படகில் ஏற்றினார்கள். மூத்தவர்கள் பின்பக்கப் பலகையில், புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்பக்கத்தில் என்பது விதி. ஆகவே டார்க்கஸைக் கேப்டனுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். டிப்பெட்டை முன்னால், துடுப்புக்காரர்களுக்கு அப்பால் உட்கார வைத்தார்கள். கிரிம்ஸ் யார் முகத்தையும் பார்க்காமல் படகைத் தள்ளிவிட்டான்.

நடு நதிக்கு வந்ததும் டார்க்கஸ் எழுந்து நின்று, துடுப்புக்காரர்களின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நம்ம வீடு இந்தப் பக்கம் இல்லப்பா!"

அது உத்தரவாக இல்லாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.